டென்ஷன் வந்தால் ஏன் பசிக்கிறது? பசி வந்தால் ஏன் டென்ஷன் ஏறுகிறது?

இரவு 9 மணி. கிளையன்ட் கால் இப்போதுதான் முடிந்திருக்கிறது. நாளைக் காலைக்குள் அனுப்ப வேண்டிய ஃபைல் பாக்கி. கை தானாகவே போனில் உணவு டெலிவரி ஆப்பைத் திறக்கிறது. அந்த நேரத்தில் யாரும் வெள்ளரிக்காய் சாலட் ஆர்டர் செய்வதில்லை. பிரியாணி, பரோட்டா, கூடவே ஒரு பிரவுனி. சாப்பிட்டு முடித்ததும் ஒரு சின்ன நிம்மதி. அரை மணி நேரம் கழித்து, "ஏன்தான் இப்படிப் பண்றேனோ" என்ற குற்ற உணர்ச்சி.

அதே ஆளுக்கு, இன்டர்வியூ அன்று காலையில் ஒரு இட்லிகூடத் தொண்டையில் இறங்காது. "வயித்தைப் பிசையுது, எதுவும் வேண்டாம்மா" என்று தட்டைத் தள்ளிவிட்டுப் போயிருப்பார். ஒரே உடம்பு, ஒரே மனசு. ஒரு டென்ஷன் பசியைக் கொல்கிறது, இன்னொரு டென்ஷன் பசியைக் கிளப்பிவிடுகிறது.

இதற்கு வீட்டிலும் ஆபீஸிலும் சொல்லப்படும் விளக்கம் ஒன்றுதான்: "வாயைக் கட்ட முடியலை." அதாவது மன உறுதி போதவில்லை. கடந்த 30 ஆண்டுகளில் நடந்த ஹார்மோன் ஆராய்ச்சிகளைப் பார்த்தால், இந்தத் தீர்ப்பு பாதிகூட உண்மை இல்லை என்று தெரிகிறது. பசியைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன்களும் மன அழுத்தத்தைக் கையாளும் ஹார்மோன்களும் மூளையில் ஒரே வட்டாரத்தில் வேலை பார்ப்பவை. ஒன்றை அசைத்தால் மற்றொன்றும் அசையும்.

முதல் சில நிமிடங்கள்: பசிக்குப் பூட்டு

மன அழுத்தத்தை உடலின் பொதுவான எதிர்வினையாக முதலில் விவரித்தவர் ஹான்ஸ் செல்யே. ஆண்டு 1936. ஆபத்து எதுவாக இருந்தாலும் உடல் ஏறக்குறைய ஒரே மாதிரி பதில் சொல்கிறது என்றார் அவர். துரத்தி வரும் நாய்க்கும், "கொஞ்சம் கேபினுக்கு வாங்க" என்ற மேனேஜரின் மெசேஜுக்கும் உடம்பு அடிக்கும் மணி ஒன்றேதான்.

மணி அடிப்பது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். அது சிஆர்ஹெச் என்ற ஹார்மோனை விடுகிறது. அது பிட்யூட்டரி சுரப்பியைத் தட்டுகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு ஆள் அனுப்புகிறது. அங்கிருந்து கார்ட்டிசோல் வெளிவருகிறது. இதற்கு முன்பே, நரம்புகளின் வழியாக நேரடி உத்தரவு போய், சில நொடிகளிலேயே அட்ரினலின் பாயத் தொடங்கியிருக்கும்.

இந்த முதல் கட்டத்தில் பசி அடங்கிவிடும். சிஆர்ஹெச் தானே பசியைக் குறைக்கும் தன்மை உடையது. அட்ரினலினோ ரத்தத்தைக் குடலிலிருந்து தசைகளுக்குத் திருப்பிவிடுகிறது. ஓட வேண்டிய நேரத்தில் செரிமானம் எதற்கு? இன்டர்வியூ காலையில் இட்லி இறங்காததன் காரணம் இதுதான்.

ஆனால் கார்ட்டிசோல் மெதுவாக வந்து, மெதுவாகப் போகிற விருந்தாளி. ஆபத்து ஓய்ந்த பிறகும் ரத்தத்தில் தங்கியிருக்கும். அதன் வேலை, செலவான எரிபொருளைத் திரும்ப நிரப்பச் சொல்வது. ரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தும். கூடவே பசியையும் தூண்டும். காட்டில் ஓடி உயிர் பிழைத்தவருக்கு இது சரியான ஏற்பாடு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே பயந்தவருக்கு எரிபொருள் எதுவும் செலவாகவில்லை. ஆனாலும் "டேங்கை நிரப்பு" என்ற உத்தரவு மட்டும் வந்துவிடுகிறது.

கிரெலின்: பசியோடு ஆறுதலும் சொல்லும் ஹார்மோன்

1999-இல் ஜப்பானைச் சேர்ந்த மசயாசு கோஜிமா, கென்ஜி கங்காவா குழு இரைப்பையிலிருந்து ஒரு ஹார்மோனைக் கண்டுபிடித்தது. பெயர் கிரெலின். சாப்பாட்டு நேரம் நெருங்க நெருங்க ரத்தத்தில் இதன் அளவு ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். தினமும் 1 மணிக்குச் சாப்பிடுகிறவருக்கு 12.45-க்கே வயிறு மணி அடிப்பதில் இதற்குப் பங்கு உண்டு.

கிரெலின் பசிக்காக மட்டும் சுரப்பதில்லை என்பது பின்னால் தெரியவந்தது. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜெஃப்ரி ஜிக்மேனும் சக ஆய்வாளர்களும் 2008-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு சாதுவான சுண்டெலியை, தன்னைவிடப் பெரிய முரட்டு எலியிடம் நாள்தோறும் சில நிமிடங்கள் அடி வாங்க விடுவார்கள். மீதி நேரம் நடுவில் ஒரு தடுப்பு. ஆனால் அந்த முரடனின் வாசனையும் உருவமும் கண் முன்னேயே இருக்கும். சில நாள்களில் சுண்டெலி மற்ற எலிகளோடு பழகுவதையே தவிர்க்கத் தொடங்கும். டாக்சிக்கான ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்படி அழுத்தத்தில் வாழ்ந்த எலிகளுக்குக் கிரெலின் அளவு கூடியிருந்தது. அடுத்து, கிரெலினை உணரும் வாங்கி இல்லாத எலிகளை வைத்து அதே சோதனையைச் செய்தார்கள். கிரெலின் இருந்தும் அதன் செய்தி மூளைக்குப் போய்ச் சேராத இந்த எலிகள், மற்றவற்றைவிட மோசமாக ஒடுங்கிப்போயின. அதாவது, அழுத்தக் காலத்தில் ஏறும் கிரெலின் மனதை ஓரளவு தாங்கிப் பிடிக்கும் வேலையைச் செய்கிறது.

2011-இல் இதே வழியில் நடந்த இன்னொரு ஆய்வு, கதையின் மறுபக்கத்தைக் காட்டியது. அழுத்தத்துக்கு ஆளான எலிகள் கொழுப்பு மிகுந்த உணவு கிடைக்கும் அறையையே தேடிப் போயின. கிரெலின் வாங்கி இல்லாத எலிகளிடம் அந்தத் தேடல் இல்லை. மனதைத் தாங்கிப் பிடிக்கிற அதே ஹார்மோன்தான் எண்ணெயும் கொழுப்பும் இருக்கும் பக்கம் இழுத்துக்கொண்டும் போகிறது. இரவு 9 மணிக்கு விரல் சாலட்டைத் தாண்டி பரோட்டாவில் போய் நிற்பதைப் புரிந்துகொள்ள இது உதவுகிறது.

மூன்றாவது ஒரு முகமும் உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கி கூசென்ஸ் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் தொடர்ந்து அழுத்தத்துக்கு ஆளான எலிகளிடம் கூடிய கிரெலின், மூளையின் பயப் பகுதியான அமிக்டலாவில் பய நினைவுகளை இன்னும் ஆழமாகப் பதிய வைத்தது. கிரெலின் வாங்கியை மருந்தால் அடைத்தபோது பயம் சாதாரண அளவுக்கு இறங்கியது. இது கார்ட்டிசோலைச் சாராமல் தனி வழியில் நடந்தது என்பதுதான் ஆச்சரியம்.

ஒரே ஹார்மோன் நல்லதும் செய்கிறது, கெட்டதும் செய்கிறது என்றால் எதை நம்புவது? கால அளவும் சூழ்நிலையும் முக்கியம் என்பதுதான் இப்போதைக்கு எடுக்கக்கூடிய பாடம். இவை எல்லாம் எலிகளிடம் கண்டவை. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. "கிரெலினைக் குறைத்தால் டென்ஷன் போய்விடும்" என்று யாராவது பவுடர் விற்க வந்தால், நம்பிப் பணம் கட்ட வேண்டியதில்லை.

லெப்டின்: கொழுப்பு அனுப்பும் இருப்பு அறிக்கை

கிரெலினுக்கு எதிர்த்திசையில் நிற்பது லெப்டின். 1994-இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு கண்டுபிடித்தது. இதைச் சுரப்பது கொழுப்புத் திசு. "கிடங்கில் சரக்கு இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று மூளைக்குப் போகும் அறிக்கை என்று சொல்லலாம். சாப்பாட்டை வெட்டினால் லெப்டின் சட்டென்று இறங்கும். மூளை அதைப் பஞ்சம் என்றே படிக்கும்.

1996-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. பட்டினி போட்ட எலிகளுக்கு அழுத்த ஹார்மோன் ஏறும். ஆனால் பட்டினியோடு லெப்டினையும் ஊசியாகக் கொடுத்தபோது அந்த ஏற்றம் மட்டுப்பட்டது. வயிறு காலிதான், ஆனாலும் "சரக்கு இருக்கிறது" என்ற செய்தி வந்துவிட்டதால் மூளை பதறவில்லை.

இதில் டயட் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது. பட்டினி என்பது உடலுக்கு இன்னொரு வகை டென்ஷன். 2010-இல் அமெரிக்காவில் 121 பெண்களை வைத்து மூன்று வாரம் நடந்த ஆய்வில், நாளுக்கு 1,200 கலோரிக்குள் சாப்பாட்டைக் குறைத்தவர்களுக்குக் கார்ட்டிசோல் கூடியது. எடை குறைக்கத் தொடங்கிய முயற்சியே, எடை கூட்டும் ஹார்மோனைத் தட்டி எழுப்புகிறது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு கிராஷ் டயட் தொடங்கி, எல்லோரிடமும் எரிந்து விழுந்து, கடைசியில் ஒரு ராத்திரி முழு டப்பா ஐஸ்கிரீமைக் காலி செய்பவரைக் கேலி செய்யும் முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

பட்டினி மனதை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 நவம்பரில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் துப்பாக்கி ஏந்த மறுத்து, இதற்குத் தாமாக முன்வந்தவர்கள் அவர்கள். ஆறு மாதம் அரைப் பட்டினி. உடல் எடையில் ஏறக்குறைய கால் பங்கு போனது. அதோடு மனமும் மாறியது. ஆரோக்கியமாக உள்ளே வந்தவர்கள் எரிச்சலும் சோர்வும் நிறைந்தவர்களாக, பேச்சைக் குறைத்து ஒதுங்கிப் போனார்கள். நாள் முழுவதும் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள். சிலர் சமையல் புத்தகங்களை வரிவரியாகப் படித்தார்கள். அவர்களில் யாரும் மன உறுதி குறைந்தவர்கள் இல்லை. உறுதி இல்லாதவர்களா உலகமே போருக்குப் போகும்போது மறுத்து நின்றிருப்பார்கள்?

"பசியில கத்திட்டேன், சாரி"

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரு வேளை தள்ளிப்போனாலே போதும். பசி, கோபம் இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களை ஒட்டி உருவான 'ஹேங்ரி' என்ற வார்த்தை 2018-இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியிலேயே ஏறிவிட்டது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், மத்திய ஐரோப்பாவைச் சேர்ந்த 64 பேரிடம் 21 நாள்கள், நாளுக்கு ஐந்து முறை போன் ஆப் மூலம் பசியையும் மனநிலையையும் கேட்டுக் குறித்தார்கள். பசி கூடிய நேரங்களில் எரிச்சலும் கோபமும் கூடியிருந்தன, மகிழ்ச்சி குறைந்திருந்தது. பசிதான் காரணம் என்று இந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன என்பது, மதியம் 3 மணி வரை சாப்பிடாமல் மீட்டிங்கில் உட்கார்ந்த எவருக்கும் தெரிந்ததே.

தூக்கம் குறைந்தால் நிலைமை இன்னும் சிக்கல். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுச் செய்த ஆய்வு 2004-இல் வெளியானது. நீண்ட நேரம் தூங்கிய நாள்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18% குறைவு, கிரெலின் 28% அதிகம். இனிப்பு, உப்பு நொறுக்குத்தீனி மீது ஆசையும் கூடியது. இது சிறிய ஆய்வு. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் ஹார்மோன் எண்கள் இதேபோல அமையவில்லை. ஆனால் தூக்கம் கெட்டவர்கள் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்பது திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது.

ஆறுதல் உணவு ஏன் பொறி ஆகிறது?

டென்ஷனில் சாப்பிடும் இனிப்பும் கொழுப்பும் தரும் நிம்மதி பிரமை இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் மேரி டால்மேன் குழு 2003-இல் முன்வைத்த கருத்து இது: நாள்பட்ட அழுத்தத்தில் இருக்கும் எலிகள் சர்க்கரையும் கொழுப்பும் தின்னும்போது, மூளையின் அழுத்த மணி சற்றுத் தணிகிறது. மருந்துபோல வேலை செய்கிறது. வேலை செய்வதால்தான் உடம்பு அதை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த டென்ஷனுக்கும் அதையே கேட்கிறது. விலையாகச் சேர்வது தொப்பைக் கொழுப்பு.

இந்தியாவில் அந்த விலை அதிகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னையின் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்நின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானது. அதன் கணக்குப்படி நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர். அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடிப் பேர். இதற்கு மன அழுத்தம் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ரத்தச் சர்க்கரையை உயர்த்தும் கார்ட்டிசோலை நாள் முழுக்க ஓட விடும் வாழ்க்கை, இந்த எண்ணிக்கையைக் குறைக்கப் போவதில்லை.

2025-இல் மார்ச்சில் மௌஞ்சாரோ, ஜூனில் வெகோவி என்று பசியை அடக்கும் ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ஹார்மோனைப் போல வேலை செய்பவை இவை. உடல் பருமனாலும் சர்க்கரை நோயாலும் தவிப்பவர்களுக்கு, டாக்டரின் மேற்பார்வையில், உண்மையான உதவி. ஆனால் அந்த ஊசி ஷிஃப்ட் நேரத்தை மாற்றாது. ராத்திரி 11 மணிக்கு வரும் மெயிலை நிறுத்தாது.

யார் என்ன செய்ய வேண்டும்?

இந்த ஆராய்ச்சிகளை வைத்து, எல்லாப் பழியையும் ஹார்மோன் மீது போட்டுவிட்டு பரோட்டாவைத் தொடரலாம் என்று சொல்ல வரவில்லை. தனி மனிதரால் முடிவது சில உண்டு. சாப்பாட்டு நேரத்தை ஓரளவு நிலையாக வைத்துக்கொள்வது. நீண்ட இடைவெளி விட்டு ராத்திரியில் மொத்தமாகச் சாப்பிடுவதைத் தவிர்ப்பது. டீயும் பிஸ்கெட்டுமாக ஓட்டுவதற்குப் பதில் சுண்டல், வேர்க்கடலை, முட்டை எனப் புரதம் உள்ள ஏதாவது ஒன்றைப் பையில் வைத்திருப்பது. கிராஷ் டயட்டை விட்டுவிட்டு மெதுவாக எடை குறைப்பது. தூக்கத்தில் கைவைக்காமல் இருப்பது. கட்டுப்பாடே இல்லாமல் சாப்பிட்டு, அதை மறைத்து, அவமானத்தில் குமைவது அடிக்கடி நடந்தால் அது சிகிச்சை உள்ள ஒரு பிரச்சினை. டாக்டரிடம் பேசலாம், மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416-க்கு இலவசமாக அழைக்கலாம்.

ஆனால் சாப்பாட்டு நேரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 5 மணி நேரத்துக்கு மேல் இடைவேளை இல்லாமல் யாரையும் வேலை வாங்கக் கூடாது, அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் 1947-ஆம் ஆண்டு கடைகள், நிறுவனங்கள் சட்டம் இன்னும் தாராளம்: 4 மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர இடைவேளை. கிரெலின் என்ற பெயரே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட விதிகள் இவை. இன்றோ கண்ணாடிக் கட்டடங்களில் மதியம் 1 மணிக்கு 'குயிக் கால்' வைப்பது சாதாரணம். லஞ்சுக்குப் போனவரைப் பார்த்து "பிஸி இல்லையா?" என்று கேட்பதும் சாதாரணம்.

டென்ஷனில் இருப்பவருக்கு பிரியாணியைக் கொண்டுவந்து தரும் டெலிவரி ஊழியரை எடுத்துக்கொள்வோம். ஊரே சாப்பிடும் நேரம்தான் அவருக்கு ஆர்டர் குவியும் நேரம். கையில் சாப்பாட்டு வாசனை, முன்னால் டிராஃபிக், போனில் ஓடும் கெடு. வீடுகளிலும் இதே கதை உண்டு. எல்லோருக்கும் டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு, தான் ஒரு டம்ளர் காபியோடு பஸ் பிடிக்க ஓடும் பெண், 11 மணிக்கு ஆபீஸில் எரிந்து விழுந்தால் "மூட் சரியில்லை" என்று பெயர் கிடைக்கும். பசி என்று யாருக்கும் தோணுவதில்லை.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் வேலை இல்லை. 1 முதல் 2 மணி வரை மீட்டிங் கிடையாது என்று காலண்டரிலேயே பூட்டலாம். நைட் ஷிஃப்ட்டில் கேன்டீனை மூடிவிட்டு சிப்ஸ் மெஷினை மட்டும் வைக்கும் வழக்கத்தை மாற்றலாம். வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் என்று தூக்கத்தைப் பந்தாடுவதைக் குறைக்கலாம். டெலிவரி நிறுவனங்கள், சாப்பாட்டு இடைவேளை எடுத்த ஊழியரின் ரேட்டிங்கும் ஊக்கத்தொகையும் குறையாது என்று உறுதி தரலாம். 'வெல்னஸ் வெபினார்' நடத்துவதைவிட இவை பலன் தரும். அந்த வெபினாரையும் பல இடங்களில் லஞ்ச் நேரத்தில்தான் வைக்கிறார்கள்.

அரசுக்கும் வேலை இருக்கிறது. கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. நாள் முழுக்க நிற்பது உடம்பைக் கெடுக்கும் என்று ஏற்றுக்கொண்ட அரசு, சாப்பிடாமல் வேலை பார்ப்பதும் அப்படித்தான் என்று ஏற்றுக்கொள்வதில் தடை எதுவும் இல்லை. இடைவேளை விதி ஐ.டி. அலுவலகங்களிலும், டெலிவரி ஊழியர்களுக்கும் நடைமுறையில் கிடைக்கிறதா என்று தொழிலாளர் துறை சோதித்துப் பார்க்க வேண்டும். வருகைப் பதிவேட்டைக் கேட்கும் அதிகாரி, "இவங்க எல்லாம் எத்தனை மணிக்குச் சாப்பிட்டாங்க?" என்றும் ஒரு கேள்வி கேட்கட்டும்.